ஆறு மணி நேரப் பதிவின் அருகிலிருந்து அப்பாவுக்கு

ஓஸ்லோ,
டிசம்பர் 12.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எலியின் மூளையை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு நினைவைத் தேடுகிறேன் என்கிறாயே, வெட்டிய துண்டில் நினைவு எங்கேம்மா இருக்கும்?" என்றீர்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. இன்று பிற்பகல் தொடங்கிய பதிவு இரவு எட்டு மணி வரை ஓட வேண்டும், அதுவரை நான் கருவியின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதால், நிதானமாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது. இந்த மாதத்தில் இங்கே பிற்பகல் மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. வந்த முதல் ஆண்டில் அந்த இருட்டு என்னை மிகவும் வருத்தியது. இப்போது, சன்னல் இருண்டு, கருவிகளின் சிறு விளக்குகள் மட்டும் தெரியும் நேரத்தில்தான் எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது.

காலையில் செய்ததிலிருந்து சொல்கிறேன். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல் உயிரை நீக்கி, ஒரு நிமிடத்துக்குள் மூளையை வெளியே எடுத்துப் பனிக்கட்டி போலக் குளிர்ந்த கரைசலில் இட வேண்டும். கை தாமதித்தால் நரம்பணுக்கள் மூச்சடைத்து இறந்துவிடும். பிறகு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை மட்டும் பிரித்து, அதிரும் கத்தி கொண்ட வைப்ரடோம் என்ற பொறியில் 0.4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவுகிறோம். கத்தி நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாக நகரும். சீவிய துண்டை விளக்கின்மேல் பிடித்துப் பார்த்தால், ஒன்றையொன்று கௌவிக்கொண்ட இரண்டு கொக்கிகளைப் போல, நரம்பணுக்களின் வரிசை ஒளி ஊடுருவும் கோடுகளாகத் தெரிகிறது. எத்தனையோ முறை பார்த்தும் அந்த ஒரு கணம் எனக்குப் பழகிப்போகவில்லை. உப்பும் சர்க்கரையும் கால்சியமும் அளவோடு கலந்து, 95 விழுக்காடு ஆக்சிஜன் குமிழியிடும் நீரில் அத்துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இளைப்பாறினால், உடலைவிட்டு வந்த பிறகும் நாள் முழுவதும் உயிரோடு இருக்கும்.

அதன்மேல் இரண்டு நுண்ணிய மின்முனைகளை வைக்கிறேன். ஒன்று சிறு மின்துடிப்பைக் கொடுக்கிறது. மற்றொன்று, அத்துடிப்பு அடுத்த நரம்பணுக்களைச் சென்றடைந்ததும் எழும் பதிலை அளக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்துக்கொண்டிருந்தால் பதில் மாறாமல் இருக்கும். பிறகு, ஒரே நொடியில் நூறு துடிப்புகள் என்று சில நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை கொடுத்தால், அதன்பின் வரும் ஒற்றைத் துடிப்புக்கும் பதில் முன்னைவிட வலுவாக எழுகிறது. பல மணி நேரம் அந்த வலு குறைவதில்லை. ஒரு நொடிச் சம்பவத்தை அந்தத் திசு தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது, அப்பா. எலி வாழ்ந்த வாழ்க்கையை அந்தத் துண்டிலிருந்து யாராலும் படித்தெடுக்க முடியாது; அந்த வகையில் நீங்கள் கேட்டது முற்றிலும் சரி. ஆனால் ஓலையில் எழுதிய பாட்டு வேறு, எழுத்தாணி ஓலையைக் கீறும் விதம் வேறு. நான் பார்த்துக்கொண்டிருப்பது கீறலை.

இந்தக் கீறலை உலகில் முதன்முதலாகக் கண்டது இந்த ஊரில்தான். பெர் ஆண்டர்சன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில், 1966ஆம் ஆண்டில், தெர்யே லோமோ என்ற ஆய்வு மாணவர் மயக்கத்தில் இருந்த முயலின் ஹிப்போகாம்பஸில் இதைக் கவனித்தார். 1968இல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த டிம் பிளிஸும் அவரும் சேர்ந்து செய்த சோதனைகள் 1973இல்தான் முழுக் கட்டுரையாக வெளிவந்தன. வலுப்பெற்ற பதில் அரை மணியிலிருந்து பத்து மணி நேரம் வரை நீடித்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். கண்டதற்கும் வெளியிட்டதற்கும் இடையில் ஏழு ஆண்டுகள்! நான் சீவும் விதத்தில் ஹிப்போகாம்பஸைக் குறுக்காகத் துண்டிட்டு உயிரோடு வைக்கும் முறையும் இதே ஆண்டர்சன் ஆய்வகத்திலிருந்து 1971இல் வந்தது. லோமோ பின்னர் நரம்புக்கும் தசைக்கும் உள்ள உறவை ஆராயப் போய்விட்டார். தம் கையில் வந்தது எத்தனை பெரியது என்பது அன்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் மேசையிலும் அப்படி ஏதேனும் கவனிக்கப்படாமல் கிடக்குமோ என்ற அச்சம், உண்மையைச் சொன்னால், எனக்கு எப்போதும் உண்டு.

ஏன் ஹிப்போகாம்பஸ் என்று அம்மா கேட்பார். 1953இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக ஓர் இளைஞருக்கு அறுவை செய்து, மூளையின் இரு பக்கத்திலும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் சிறுவயது நினைவுகள் பெரும்பாலும் இருந்தன, பேச்சும் அறிவும் குறையவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரோடு பணியாற்றி இதை நிறுவினார். 2008இல் அந்த நோயாளி இறக்கும்வரை உலகம் அவரை ஹெச்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டுமே அறிந்திருந்தது. எங்கள் துறையில் எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

இனி என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். என் எட்டு ஆண்டுகள் இதில்தான் போயிருக்கின்றன. பதில் வலுப்பெறுவது புரதங்களால் நடக்கிறது. ஆனால் நரம்பிணைப்பில் உள்ள புரதங்களில் பெரும்பாலானவை சில நாட்களிலோ சில வாரங்களிலோ சிதைந்து, அவற்றின் இடத்தில் புதியவை வந்துவிடுகின்றன. நீங்கள் என்னை முதன்முதலில் பள்ளிக்கு அழைத்துச் சென்ற காலை எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. ஆனால் அன்று அந்த நினைவை ஏந்திய புரதங்களில் ஏறக்குறைய எதுவும் இன்று என் தலைக்குள் இல்லை. அப்படியானால் நினைவைப் பிடித்து வைத்திருப்பது எது? டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1984இல் ஒரு சிறு கட்டுரையில் இதையே கேட்டார். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூட்டாக இருந்து, பழையது போனால் அருகில் இருப்பது புதிதாக வருவதைத் தன் நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் முன்வைத்த வழி. கட்டுரை ஓரிரு பக்கம்தான். முதுகலை படித்தபோது அதைப் படித்த இரவு, நான் எந்த வேலைக்குப் போவேன் என்பது முடிவாகிவிட்டது.

இந்தக் கேள்விக்கு விடையாக வந்தவற்றுள் பெரும் விவாதத்துக்கு உள்ளானது பி.கே.எம்.ஸீட்டா என்ற நொதி. நியூயார்க்கில் டாட் சாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், இந்நொதியைத் தடுக்கும் ஒரு பொருளை எலியின் ஹிப்போகாம்பஸில் செலுத்தினால் முன்பே பதிந்துவிட்ட, இடம் பற்றிய நினைவு அழிந்துவிடுகிறது என்று 2006இல் காட்டினார்கள். துறையே எழுந்து உட்கார்ந்தது. ஆனால் 2013இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அந்த நொதிக்கான மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவை இயல்பாகக் கற்றன, நினைவில் வைத்தன. அதைவிட வியப்பு, அதே தடுப்புப் பொருள் அவற்றின் நினைவையும் அழித்தது. இல்லாத நொதியை எப்படித் தடுப்பது? பிறவியிலேயே அந்நொதி இல்லாதபோது அதன் உறவு நொதி ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது என்று 2016இல் சாக்டர் குழுவினர் விளக்கினார்கள். 2024இல் அவர்களே மேலும் ஒன்றைக் காட்டினார்கள்: வலுப்பெற்ற இணைப்புகளில் கிப்ரா என்ற புரதம் இந்நொதியைப் பிடித்து நிறுத்துகிறது, அந்தப் பிடியைத் தளர்த்தினால் நான்கு வாரம் பழைய நினைவும் போய்விடுகிறது. தனித்தனி மூலக்கூறுகள் மறைந்து புதியவை வந்தாலும், அவற்றுக்கிடையே உள்ள பிடி தொடர்ந்து இருந்தால் நினைவும் தொடரும் என்பது இதன் பொருள். கிரிக் சொன்ன வழியோடு இது எத்தனை நெருங்கி வருகிறது பாருங்கள். எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் இதுவே சரியான திசை என்று நான் நம்புகிறேன், அதனால்தான் அந்தப் பிடியை இந்தத் துண்டுகளில் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் தொலைபேசியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டபோது, உடம்புக்கு ஏதேனுமா என்று அம்மா கவலைப்பட்டது நினைவிருக்கும். அதன் காரணத்தை இன்று சொல்கிறேன். ஒரு மூலக்கூறு, வலுப்பெற்ற பதிலை ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது என்று ஐந்து மாதம் தொடர்ந்து கண்டேன். வரைபடங்கள் அத்தனை அழகாக இருந்தன. கட்டுரை எழுதத் தொடங்கிய பிறகு, உடன் பணியாற்றும் ஒருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார், எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் தேடிய பிறகு காரணம் அகப்பட்டது. மருந்து கலந்த நீர் வரும் குழாயை நான் மாற்றிப் பொருத்தியபோது, அது சூடேற்றியைத் தொடாமல் போயிருக்கிறது. மருந்து உள்ளே வந்ததும் துண்டின் வெப்பம் மூன்று டிகிரி குறைந்தது. பதில் குறைந்தது குளிரால். நூறு துடிப்புகள் பெறாத இன்னொரு நரம்புப் பாதையையும் பக்கத்திலேயே அளந்திருந்தால் அதுவும் குறைவதை முதல் நாளே கண்டிருப்பேன். அந்த எச்சரிக்கை எனக்கு அன்று இல்லை. கட்டுரையை நிறுத்தி, கூட்டத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று சொன்னேன். என்னை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. அந்த ஐந்து மாதத்தில் உயிர்விட்ட எலிகளை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். இங்கே பயிற்சிச் சான்று இல்லாதவர் விலங்குகளைத் தொட முடியாது, முன்அனுமதி இல்லாமல் சோதனை நடத்த முடியாது. எத்தனை விலங்கு தேவை என்பதற்குக் கணக்கும் காரணமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை வீணாக்கிவிட்டேன் என்ற எண்ணம் இன்றும் எனக்கு இருக்கிறது.

வேலை நிலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் ஒப்பந்தம் இன்னும் பதினான்கு மாதம். அதற்குள் நிதி கிடைத்தால் சிறு குழு ஒன்றைத் தொடங்கலாம்; இல்லையென்றால் வேறு நாட்டில் தேட வேண்டும். விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆண்டர்சனின் மாணவர்களாக இருந்த மோசர் தம்பதியர் ஓஸ்லோவுக்கு வடக்கே டிரொண்ட்ஹெய்மில் தொடங்கிய ஆய்வகம் 2014இல் நோபல் பரிசு வரை சென்றது. ஆகவே இத்துறைக்கு இங்கே மதிப்பு உண்டு, போட்டியும் அதற்கேற்ப உண்டு. நீங்கள் இதற்காக உறக்கம் கெட வேண்டாம்.

மணி எட்டாகப் போகிறது. இன்று இரண்டு துண்டுகள், இரண்டு குப்பிகள். குப்பிகளில் 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எதில் மருந்து, எதில் வெறும் உப்புநீர் என்பதைக் கலந்து கொடுத்தவர் எழுதி உறைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். அந்தத் தவறுக்குப் பிறகு நானே கேட்டு ஏற்படுத்திக்கொண்ட முறை இது. 'அ' துண்டின் பதில் தூண்டலுக்குப் பிறகு ஆறு மணி நேரமாகியும் ஒன்றரை மடங்கில் நிற்கிறது. 'ஆ' துண்டில் மாலை ஆறு மணியிலிருந்து மெல்ல இறங்கி, இப்போது ஏறக்குறையப் பழைய கோட்டைத் தொட்டிருக்கிறது. அதன் பக்கத்துப் பாதை மட்டும் அசையவில்லை. வெப்பமானியை மூன்று முறை பார்த்துவிட்டேன், 31 டிகிரி. இன்னும் பதினெட்டுத் துண்டுகள் முடித்த பிறகு, மார்ச்சில்தான் உறையைப் பிரிப்போம். அன்று உங்களுக்குத்தான் முதலில் அழைப்பேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்