ஒரு சொல்லால் திரும்பி வந்த கிளெய்ம்

ஆசிரியருக்கு,

உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு எழுதுங்கோ என்றுதான் மனுசி சொன்னாள். நான் உங்களுக்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் வைக்கிற விசயம் இல்லை, காசு விசயம், என் மகளின் நோய்க்கு எடுத்த மருத்துவக் காப்புறுதிக் கிளெய்மை கம்பனி மறுத்த விசயம். முப்பது வருடம் அரச அலுவலகத்தில் வவுச்சர் பார்த்தவன் என்பதால் ஒரு படிவத்தில் ஒரு சொல் பிழைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவும் பாதிதான் தெரிந்திருக்கிறது. மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அப்பா, பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள்.

அவளுக்கு இப்போது 31 வயது. பதினான்கு வயதிலிருந்து மாதத்தில் இரண்டு மூன்று நாள் சுருண்டு படுப்பாள். 'வயிற்றுக்குத்து' என்று பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்தான், எத்தனை கடிதம் என்று கணக்கில்லை. வெந்தயம், நல்லெண்ணெய், சுடுதண்ணிப் போத்தல், பெனடோல் எல்லாம் பார்த்தாயிற்று. கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. கட்டி நான்கு வருடம், சரியாகவில்லை. போன வருடம் ஸ்கானில் இடது சூலகத்தில் 'சொக்லட் சிஸ்ட்', அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி, என்று வந்தது, பிறகு கொழும்பில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கர்ப்பப்பையின் பின்பக்கம் குடலோடு ஒட்டிப்போயிருக்கிறது என்று வந்தது. அன்றைக்குத்தான் எண்டோமெற்றியோசிஸ் என்ற பெயரை முதல்முறை கேட்டோம். பதினேழு வருட நோவுக்கு ஒரு பெயர் கிடைத்ததற்கே அவள் அழுதாள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்ப்பப்பையின் உட்பக்கத் தோலைப் போன்ற திசு, வெளியே சூலகத்திலோ குடலிலோ சலப்பையிலோ வளர்வது. மாதாமாதம் அங்கேயும் வீக்கம், காயம், தழும்பு, பிறகு உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவது. புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை, யாருடைய பிழையும் இல்லை. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 வீதமானோருக்கு, உலகத்தில் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்துப் பேரில் ஒருத்தி என்றால் திருகோணமலையில் ஒவ்வொரு வகுப்பறையிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் லீவுக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, காப்புறுதிக்கு வருகிறேன். கலியாணம் முடிந்த கையோடு மகளும் மருமகனும் ஒரு கம்பனியில் மருத்துவக் காப்புறுதி எடுத்தார்கள். முகவர் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நல்ல தமிழில் எல்லாம் விளக்கினார். பொலிசி வந்தது ஆங்கிலத்தில். எங்களை அனுப்பிய இடத்திலிருந்த பெண்நோயியல் வைத்திய நிபுணர், குடல் சத்திர சிகிச்சை நிபுணரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்று சொன்னபோது, தனியார் வைத்தியசாலைக்கு முன் அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். மூன்று கிழமையில் பதில்: 'மலட்டுத்தன்மைச் சிகிச்சை பொலிசியில் அடங்காது.'

நாங்கள் மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சை கேட்கவே இல்லை! கடிதத்தைத் தேடிப் பார்த்தால், முதல் டொக்டர் எழுதிய சிபாரிசுக் கடிதத்தின் முதல் வரி: கலியாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை. டொக்டரைக் குறை சொல்லமாட்டேன், அவர் நோயாளியின் வரலாற்றை எழுதினார். கம்பனியில் இருந்தவர் அந்த வரியோடு வாசிப்பை நிறுத்திவிட்டார், குடல் ஒட்டியிருப்பது எட்டாவது வரியில் இருந்தது.

மேன்முறையீடு செய்தோம். இரண்டாவது பதில் இன்னும் விசேசம்: நோய் பொலிசிக்கு முந்தியது, விண்ணப்பப் படிவத்தில் மறைத்திருக்கிறீர்கள். தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பது காப்புறுதிக்கு அத்திவாரம், ஒத்துக்கொள்கிறேன். தெரியாததை எப்படி மறைப்பது? இந்த நோயைக் கண்டுபிடிக்க பிரித்தானியாவிலேயே சராசரியாக 8 வருடமும் 10 மாதமும் ஆகிறது என்று அங்குள்ள நோயாளர் அமைப்பொன்றின் 2024 அறிக்கை சொல்கிறது. மூதூரில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்தால் இந்த நோய்க்காரிகள் பலருக்கு எந்தப் பொலிசியும் உதவாது, அவர்களுக்கு நோவு தொடங்கியது பள்ளிக்கூடக் காலத்தில்தானே.

அதோடு 'திசுப் பரிசோதனை அறிக்கை இணைக்கவும்' என்று ஒரு வரி. அந்தத் திசுவை எடுக்கிறதே சத்திர சிகிச்சையில்தான். நெல்லை அறுக்க முதல் அரிசியைக் காட்டு என்கிறார்கள். நோயை நிச்சயிக்க உள்ளே கமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 வழிகாட்டியிலேயே தளர்த்திவிட்டது, ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும் நல்ல சான்றுகள்தான்.

இனிப் பெரிய சிக்கல். கம்பனிக்காரரின் அட்டவணையில் 'லப்பரோஸ்கோப்பி' (சிறு துளையால் கமரா விட்டுச் செய்யும் சத்திர சிகிச்சை) என்று ஒரே ஒரு வரி, அதற்கு ஒரு உச்சத்தொகை. எங்களுக்குக் கிடைத்த மதிப்பீட்டின் பாதிக்கும் வராது. நோய்த் திசுவை மேலால் சுட்டுவிடுவதும் வேரோடு வெட்டி எடுப்பதும் ஒரே வேலை என்று நினைக்கிறார்கள். என் தகப்பனுக்குத் தம்பலகாமத்தில் வயல் இருந்தது, கோரையை மேலால் செருக்கினால் பத்து நாளில் திரும்ப நிற்கும், கிழங்கைத் தோண்டினால்தான் ஆறுதல். ஆழமாய் இறங்கிய எண்டோமெற்றியோசிசும் அப்படித்தான், குடலிலும் சிறுநீர்க்குழாயிலும் இருக்கிறதை வெட்ட நிபுணரின் கை வேண்டும், மணித்தியாலக் கணக்கில் நேரம் வேண்டும். அப்படியும் சிலருக்குத் திரும்ப வரும், அதையும் டொக்டர் மறைக்காமல் சொன்னார்.

இது எங்கள் நாட்டுக் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற மருமகள் முறையான பிள்ளை சொன்னாள், அங்கே காப்புறுதிக்கு எழுதுகிற சிகிச்சைப் பட்டியலில் 58662 என்று ஒரு இலக்கமாம், சுட்டாலும் அதுதான், வெட்டினாலும் அதுதான். அதனால் தேர்ந்த நிபுணர்கள் பலர் காப்புறுதிக் கம்பனிகளின் வைத்தியர் பட்டியலுக்குள் வருவதே இல்லையாம், நோயாளிகள் 'உங்கள் பட்டியலில் இதைச் செய்யக்கூடியவர் யார், பெயர் சொல்லுங்கள்' என்று எழுதிக் கேட்டு, இல்லை என்ற பதிலை வைத்தே வெளியில் உள்ள நிபுணருக்கு அனுமதி வாங்குகிறார்களாம். நான் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்தேன்: உங்கள் வைத்தியசாலைப் பட்டியலில் எந்த இடத்தில் பெண்நோயியல் நிபுணரும் குடல் நிபுணரும் ஒரே மேசையில் நிற்பார்கள்? இன்றுவரை அதற்குப் பதில் இல்லை, ஆனால் 'மறைத்தீர்கள்' என்ற பேச்சு நின்றுவிட்டது.

அரச ஆஸ்பத்திரியில் இலவசம்தானே என்று கேட்பீர்கள். உண்மை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு, மகள் பிறந்ததும் அங்கேதான். ஆனால் இரண்டு நிபுணரும் தியேட்டரும் ஒரே நாளில் பொருந்தும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை, வேலைக்கும் போகவேண்டும். கடைசியில் நகையை அடகு வைத்தோம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் 260 கிலோமீற்றர், ஹபரணையில் நிறுத்தும்போது இறங்கி நிற்கக்கூட அவளால் முடியாது. சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது.

இந்த வழியில் போகப்போகிறவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். டொக்டரிடம் கடிதம் கேட்கும்போது, முதல் வரியில் நோயின் பெயரும் எந்தெந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் வரவேண்டும் என்று கேளுங்கள், பொய் எழுதச் சொல்லவில்லை, ஒழுங்கை மாற்றச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வெளிக்கிடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டிலும் அதே சொற்கள் இருக்கிறதா என்று வீட்டுக்கு வரமுதல் பாருங்கள். தொலைபேசியில் மறுத்தால் ஏற்காதீர்கள், பொலிசியின் எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். அரச ஊழியர் குடும்பம் என்றால் அக்ரஹாரக் காப்புறுதியையும் முதலில் பாருங்கள். கம்பனி கடைசி வரை மறுத்தால் முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடு எடுக்கிறது. இது எங்கள் முகவர் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாத விசயம்.

ஆணைக்குழுவிடம் எனக்கு ஒரு கேள்வி. தமிழில் விற்ற பொலிசிக்கு, எது அடங்காது என்ற பக்கத்தையாவது தமிழில் தரச்சொல்லி கம்பனிகளைக் கேட்க முடியாதா? அந்த ஒரு பக்கம் போதும், மற்றதை நான் அகராதி வைத்துப் படித்துக்கொள்கிறேன்.

கம்பனி இப்போது பெண்நோயியல் நிபுணரின் பங்கில் ஒரு பகுதியைக் கட்டியிருக்கிறது. குடல் நிபுணரின் பில்லுக்கு 'தொடர்பில்லாத சிகிச்சை' என்று வந்திருக்கிறது. மூன்றாவது கடிதத்தைப் போன வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போட்டேன், பற்றுச்சீட்டைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற லிகிதர்,
உவர்மலை, திருகோணமலை