கேன்டீனில் பஃப்ஸ் நிறுத்தப்படுவது குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் நம் பள்ளி கேன்டீனில் பஃப்ஸ், கிரீம் பன், கிரீம் பிஸ்கட் ஆகிய மூன்றும் விற்கப்பட மாட்டா. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருமனதாக எடுக்கப்பட்ட முடிவுதான் இது. ஆனால் வேலை காரணமாகக் கூட்டத்துக்கு வர இயலாதவர்களே நம்மில் அதிகம். பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்றை நிறுத்தினால் வீட்டில் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால், காரணத்தை நானே விரிவாக எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தின்று முடித்த பிஸ்கட் உறையை மடித்து வைத்திருந்து அறிவியல் ஆசிரியையிடம் கொண்டுபோய், "டீச்சர், ஹைட்ரஜன் தீப்பிடிக்கிற வாயுன்னு சொன்னீங்க, அதை ஏன் பிஸ்கட்ல போடுறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த உறையை ஆசிரியை என்னிடம் காட்டினார். பின்புறத்தில், உறை ஒட்டப்பட்ட மடிப்புக்கு அருகே, கண்ணாடி போட்டுக்கொண்டும் நான் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க முடிந்த எழுத்தில், ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக அது இருந்தது.

வாயு அந்த பிஸ்கட்டில் இல்லை. திரவமான தாவர எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் துணையோடு அதில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டிப்படும். 1937-இல் டால்டா என்ற பெயரில் வந்து, பிறகு அந்தப் பெயராலேயே நம் சமையலறைகளில் வழங்கிய வனஸ்பதி இப்படித்தான் செய்யப்பட்டது. அது நெய்யைவிட மலிவு, மாதக்கணக்கில் கெடாது, பஃப்ஸின் அடுக்குகளைப் பிரிந்து பிரிந்து மொரமொரப்பாக நிற்கச் செய்யும். ஆனால் இந்த வேலையை முழுமையாகச் செய்யாமல் பாதியில் நிறுத்தும்போது, எண்ணெயின் மூலக்கூறுகளில் ஒரு பங்கு வளைவு நீங்கி நிமிர்ந்துவிடுகிறது. அதுவே செயற்கை டிரான்ஸ் கொழுப்பு. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என்பதை 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலிலும் நெய்யிலும் இயற்கையாகவே சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு உண்டு. நான் எழுதுவது அதைப் பற்றி அன்று.

ஓர் ஆசிரியராக என்னை மிகவும் பாதித்தது பிரெட் கும்மரோவ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் வரலாறு. இதய நோயால் இறந்தவர்களின் உடலில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை அவர் 1957-இலேயே எழுதிவிட்டார். கேட்பார் இல்லை. 2009-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தார். பதில் வராததால் 2013-இல் வழக்குத் தொடுத்தார். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று அந்த நிர்வாகம் 2015-இல் அறிவித்தபோது அவருக்கு வயது 100. இடைப்பட்ட 58 ஆண்டுகளில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்திருப்பார்கள் என்று எண்ணும்போது, முழு உறுதி கிடைக்கும் வரை விற்றுக்கொண்டிருக்கலாம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 10 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2011-இல் வைத்த வரம்பு பின்னர் 5 ஆகி, 2021 ஜனவரியில் 3 ஆகி, 2022 ஜனவரி 1 முதல் 2 ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றுக்கு மட்டுமின்றி, அவற்றைச் சேர்த்துச் செய்யும் தின்பண்டங்களில் உள்ள கொழுப்புக்கும் இந்த 2 சதவீத வரம்பு பொருந்தும். டென்மார்க் 2003-இலேயே கொண்டுவந்த வரம்பும் இதுதான். 100 கிராம் பிஸ்கட்டில் 20 கிராம் கொழுப்பு இருந்தால், அதில் டிரான்ஸ் கொழுப்பு 0.4 கிராமைத் தாண்டக் கூடாது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவர் 2.2 கிராமுக்குக் கீழ் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சட்டம் இருக்கும்போது பள்ளி ஏன் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. உறையில் அடைத்து வரும் பொருளுக்கு முகவரியும் அச்சிட்ட ஊட்டச்சத்து அட்டவணையும் உண்டு. காலை பத்தரை மணிக்கு அலுமினியத் தட்டில் அடுக்கி வரும் பஃப்ஸுக்கு எதுவும் இல்லை. நமக்கு அதை அனுப்பும் பேக்கரியிடம், எந்தக் கொழுப்பைப் பயன்படுத்துகிறீர்கள், அதன் பரிசோதனை அறிக்கை உண்டா என்று எழுத்து மூலம் இரண்டு முறை கேட்டோம், பதில் வரவில்லை. அவர்கள் தவறு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னவென்று தெரியாத ஒன்றை என் பொறுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

அன்று கூட்டத்தில் ஒரு பஃப்ஸை நடுவில் அறுத்துப் பழுப்புத்தாளில் வைத்திருந்தோம். அரை மணி நேரத்தில் அடித்தாளில் இருந்த எழுத்து தெரியும் அளவுக்குத் தாள் எண்ணெயில் ஊறிவிட்டது. தின்று பார்த்த தாய் ஒருவர், மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் இருப்பதாகவும் வெந்நீர் குடித்த பிறகுதான் அது போனதாகவும் சொன்னார். இதைக் கொண்டு அதில் டிரான்ஸ் கொழுப்பு இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. கெட்டியான பாமாயில் கொழுப்பும் அப்படித்தான் ஒட்டும். அந்தப் பாமாயிலைப் பற்றியும் ஒரு சொல். டிரான்ஸ் கொழுப்பு பூஜ்யம் என்று அட்டவணையில் கண்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். விலக்கப்பட்ட கொழுப்பின் இடத்தில் பெரும்பாலும் வந்து அமர்ந்திருப்பது பாமாயில். அதில் ஏறத்தாழப் பாதி, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகிய வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-இல் வந்த பள்ளி உணவு விதிமுறைகள் கூறுகின்றன. நம் வாயிலுக்கு எதிரே மாலையில் நிற்கும் பஜ்ஜி வண்டியைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். அதை நடத்தும் அம்மாவுக்கு அதுவே பிழைப்பு என்பதால், வண்டியை அகற்றச் சொல்லி எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் பேசினேன். சட்டியில் மிஞ்சும் எண்ணெயை மறுநாளும் ஊற்றிக் காய்ச்சுவதாக மறைக்காமல் சொன்னார். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் கறுத்துச் சிதைந்து வேண்டாத சேர்மங்களால் நிறைந்துவிடுகிறது. அந்தச் சேர்மங்கள் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வேகவைத்த கடலையும் சுண்டலும் விற்பதானால் கேன்டீன் திண்ணையிலேயே இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நிறமிகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. துணிக்குப் போடும் ரோடமைன் பி என்ற சாயம் கலந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உறையில்லாமல் விற்கும் எதையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

திங்கள் முதல் இடைவேளையில் கேன்டீனில் சுண்டல், பொடி இட்லி, கடலை மிட்டாய், கொய்யா, வாழைப்பழம் ஆகியவை கிடைக்கும். எதன் விலையும் பஃப்ஸின் விலையைத் தாண்டாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் கிரீம் கேக் அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் பெயரில் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் தந்தால் காலை வழிபாட்டில் பெயர் சொல்லி வாழ்த்துவோம்.

ஏழாம் வகுப்பு மாணவர்கள் இப்போது தின்பண்ட உறைகளைச் சேகரித்து, சேர்மானங்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வருகிறார்கள். உங்கள் வீட்டில் வழக்கமாக வாங்கும் ஏதேனும் ஒன்றின் காலி உறையைக் கழுவிக் காயவைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கிழித்துப் பிரிக்கும்போது பின்பக்க எழுத்துகள் சிதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்