ஜெரமி பிரெட்டின் கைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியதை நீ எழுதியிருந்ததைப் படிக்கும்போது அவள் அழுகை எனக்கே கேட்டது. இங்கே எல்லாரும் சுகம். மாடி அறையைத் தம்பிக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டோம். இனி அவன் எங்களோடுதான்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்குப் பதில் எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரை மறுபடி பார்க்க ஆரம்பித்து, கடைசிக் கதைகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருந்தாய். 'ஆள் ஊதிப்போய் மூச்சு வாங்குகிறார், இது ஹோம்ஸே இல்லை' என்று. நானும் வருஷக்கணக்கில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1984 ஏப்ரலில் வந்த முதல் எபிசோடில் அந்தக் கைகளைக் கவனித்தாயா? விரல் நுனிகளைச் சேர்த்து மோவாய்க்குக் கீழே வைத்திருப்பார். திடீரென்று ஒரு கை மட்டும் பறவை மாதிரி எழும்பி, காற்றில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். ஒரு சிரிப்பு முகத்தில் தோன்றி, நாம் பார்க்குமுன் மறைந்துவிடும். ஹாஸ்டலில் நீயும் நானும் மாற்றி மாற்றிப் படித்த கதைகளின் மனிதர் எழுந்து வந்தது போல இருந்தது.

இத்தனைக்கும் அவர் அந்த மாதிரி நடிகரே இல்லை. அழகான காதலன் வேஷம்தான் அவருக்கு வந்துகொண்டிருந்தது. 1964-ல் 'மை ஃபேர் லேடி' படத்தில் தெருவில் நின்று உருகிப் பாடும் ஃப்ரெடி அவர்தான். அந்தப் பாட்டுக் குரல்கூட வேறொருவருடையது. பிரெட் என்பதும் வைத்துக்கொண்ட பெயர். குடும்பப் பெயர் ஹக்கின்ஸ். ராணுவ அதிகாரியான அப்பா அந்தப் பெயர் மேடையில் வரக்கூடாது என்றுவிட்டார். கோட்டில் தைத்திருந்த தையல்காரர் பெயரை எடுத்துக்கொண்டார் இவர். 'ர' உச்சரிக்க வராத குறையையும் சின்ன வயதில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்துகொண்டவர். ஹோம்ஸின் அந்தக் கணீர்க் குரலைக் கேட்டால் நம்பவே முடியாது.

மான்செஸ்டரில் தொடரைத் தயாரித்த கிரனாடா டெலிவிஷன்காரர்கள் ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவையே செட் போட்டார்கள். ஹோம்ஸ் எப்படி உட்காருவார், என்ன சாப்பிடுவார், எதைக் குடிப்பார் என்று மூலக் கதைகளிலிருந்து பொறுக்கி 77 பக்கத்துக்கு ஒரு கோப்பும் தயாரித்தார்கள். பிரெட் கதைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து, வசனம் மூலத்திலிருந்து விலகினால் விடாமல் வாதாடுவாராம். அந்தப் பிடிவாதத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஹோம்ஸின் கூட்டாளி வாட்சனை அசடாக்காமல் நிஜமான நண்பனாக வைத்ததும் இந்தத் தொடர்தான். வாட்சனாக முதலில் டேவிட் பர்க், அப்புறம் எட்வர்ட் ஹார்ட்விக்.

1985-ல் பிரெட்டின் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருஷம் பிரெட் அடியோடு உடைந்துபோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உற்சாகம் எல்லை மீறுவதும் பிறகு பாதாளத்தில் விழுவதுமாக மாறி மாறி வரும் அந்த மனநோய்தான் என்றார்கள். அதற்கு லித்தியம் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். உடம்பில் நீர் கோத்து எடை ஏறியது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் ஏற்கெனவே பழுதான இதயம் வேறு. போதாததற்கு விடாத சிகரெட்.

நீ பார்த்த ஊதல் அதுதான்.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் தம்பி. உனக்கு நான் இதுவரை எழுதவில்லை. அவனுக்கும் இதே நோய், இதே மாத்திரை. ரெண்டு வருஷமாகிறது. காலையில் காபி டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான், நடுக்கம் தெரியக்கூடாது என்று. போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கீழே வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போது ஓடிக்கொண்டிருந்தது 1988-ல் வந்த 'டெவில்ஸ் ஃபுட்'. உடம்பு தேற ஹோம்ஸ் கார்ன்வால் கடற்கரைக்குப் போவாரே, அது. அதில் ஹோம்ஸ் தன் போதை ஊசியை மணலில் தோண்டிப் புதைப்பார். மூலக் கதையில் இல்லாத காட்சி. குழந்தைகளும் தொடரைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கதைகளை எழுதிய கானன் டாயிலின் மகளிடம் அனுமதி கேட்டுச் சேர்த்தாராம் பிரெட். ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது என்று சண்டை போட்டவர் தானாகக் கேட்டு மாற்றிய இடம் அது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, 'இன்னொரு தடவை போடு' என்றான். போட்டேன்.

அப்புறம் ரெண்டு பேருமாக ஒவ்வொரு ராத்திரியும் வரிசையாகப் பார்த்து 1994-க்கு வந்துவிட்டோம். அந்த வருஷம் வந்த ஒரு கதையின் ஷூட்டிங்கில் பிரெட்டுக்கு உடம்பு முடியாமல் போக, அதில் அவர் செய்யவேண்டியதில் பெரும்பகுதியை ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக நடித்த சார்ல்ஸ் கிரேயிடம் ஒப்படைத்தார்கள். அப்படியும் திரும்பி வந்து முடித்தார். மொத்தம் 41 எபிசோடுகள். கடைசியாக வந்தது 'கார்ட்போர்ட் பாக்ஸ்'. முடிவில், இந்தத் துன்பச் சுழலுக்கு என்னதான் அர்த்தம் என்று வாட்சனிடம் கேட்பார் ஹோம்ஸ். கானன் டாயில் எழுதியதே அது. ஆனால் அந்த வீங்கிய முகமும், இப்போது அதிகம் அசையாமல் மடியில் கிடக்கும் அந்தக் கைகளும் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

தன் நோயை அவர் மறைக்கவில்லை. 1995-ல் இதே நோயாளிகளுக்கான ஒரு அமைப்புக்கு உதவி கேட்டு வானொலியில் பேசினார். அந்த செப்டம்பர் 12-ல் லண்டன் வீட்டில் இதயம் நின்றுவிட்டது. வயது 61.

நீ நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து பார். அடுத்த மாதம் இங்கே வரும்போது அந்தக் கடைசி எபிசோடை மட்டும் மூன்று பேருமாகப் பார்ப்போம். தம்பிக்கு 12-ஆம் தேதி ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதற்கப்புறம் எந்த நாள் என்றாலும் சரி. நீ வருவதாக அவனிடம் சொன்னேன். உனக்குப் பிடித்த ரவா தோசைக்கு அரைத்துவைக்க வேண்டியதில்லையே, கரைத்தால் போதுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழன்