செயலாளரின் ஆண்டறிக்கை – குடியிருப்போர் நலச் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும்.

இரண்டு கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் கோலப்போட்டி நடந்தது. தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம், எரிகிறது.

சங்கத்தின் இணையப் பக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், "கணக்கைப் போனில் பெரிசு பண்ணிப் பார்க்க முடியாதபடி செயலாளர் பூட்டி வைத்திருக்கிறார்" என்றார். பூட்டு இருந்தது உண்மை. போட்டது நான் இல்லை. பக்கத்தை அமைத்துத் தந்தவர் 'யூசர்-ஸ்கேலபிள்=நோ', அதாவது 'பார்ப்பவரைப் பெரிதாக்க விடாதே' என்று ஒரு வரி எழுதியிருந்தார். ஐபோனின் இயங்குதளம் ஐஓஎஸ் 10 வந்த 2016 முதல், அதிலுள்ள சஃபாரி பிரவுசர் அந்தத் தடையைச் சட்டை செய்வதில்லை. அதனால் ஐபோன்காரர்கள் வாய் திறக்கவில்லை, ஏச்செல்லாம் ஆண்ட்ராய்டுக்காரர்களிடமிருந்துதான்.

வரியை எடுத்ததும் பக்கம் பெரிதானது, ஆனால் திக்கித் திக்கி. காரணம் தேடி மூன்று ஞாயிறு போயிற்று. விரல்களை விரிக்கும்போது பிரவுசர், முன்பே வரைந்து வைத்த துண்டுகளை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும்; பிறகுதான் புது அளவில் வரையும். முதலில் மங்கிப் பின் தெளிவது அதனால்தான், கண்புரை அல்ல. முகப்பில் இருந்த கொடியேற்றப் படங்கள் 4000-க்கு 3000 புள்ளி. "ஃபைல் சின்னதுதானே சார்" என்று அனுப்பியவர் வாதாடினார். ஃபைல் சுருக்கி வைத்தது; திரையில் காட்டப் போன் அதை முழு அளவில் விரித்தால் புள்ளிக்கு 4 பைட், படம் ஒன்றுக்கு 48 எம்பி! எல்லாவற்றையும் சுருக்கினேன். படம் தள்ளும் ஸ்லைடர் வேறு, ஒவ்வொரு தொடுகையையும் மறித்துக்கொண்டு நின்றது. அது பதில் சொல்லும்வரை பிரவுசர் காத்திருக்கும். (செயற்குழுவிலும் இப்படிச் சிலர் உண்டு.) 'பேசிவ்', அதாவது 'மறிக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இரு' என்று குறித்த பின் வழிவிட்டது. கணக்குத் தாளை ஸ்கேன் படமாக இல்லாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்து ஏற்றினேன். படம் பெரிதானால் கட்டங்கட்டமாகும், எழுத்து எந்த அளவிலும் புதிதாக வரையப்படும்.

இதற்கென்று அமைத்த ஐவர் குழுவில் ஒருவரும் ஒரு ஞாயிறுகூட எட்டிப் பார்க்கவில்லை. சோதிக்கக் கிடைத்த ஒரே பழைய போன் இரவுக் காவலாளியுடையது.

வரவு ஓரளவு வந்தது, செலவு அதற்குள் அடங்கியது, வைப்புத்தொகையைத் தொடவில்லை. விவரமும் சந்தா பாக்கிப் பட்டியலும் பக்கத்தில் உள்ளன. பெயர்களை இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், பந்தல் போட்டவர், காவலாளி அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குப் பக்கத்தின் கட்டணம் கட்ட வேண்டும். இதுவரை என் கார்டிலிருந்து போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. இளைஞர் யாராவது இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால் பாஸ்வேர்டை இன்றே எழுதித் தருகிறேன். பேனா கொண்டுவந்திருக்கிறேன்.

செயலாளர்