வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரின் முள்ளைப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் அறிவியல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைக் காட்டி, "டீச்சர், இந்த முள்ளு பச்சையில இல்லாம சிவப்புல நிக்குதே, ஏன்?" என்று கேட்டாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அழுத்தத்தைக் காட்டும் அந்த முள் இடதுபுறச் சிவப்பில் கிடந்தது, அப்படியென்றால் உள்ளே பவுடர் இருந்தாலும் அதை வெளியே தள்ள அழுத்தம் இல்லை என்று அர்த்தம். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தால், மறுபடி நிரப்ப வேண்டிய தேதி முடிந்து பதினான்கு மாதம். தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். உங்கள் பிள்ளைகள் அந்த அறையில்தான் ஸ்பிரிட் விளக்கு ஏற்றுகிறார்கள், அதனால் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அன்று மாலையே அதை மாற்றிவிட்டோம், பள்ளியில் உள்ள மற்ற ஐந்தையும் இறக்கிப் பார்த்துவிட்டோம்.

வரும் ஜூலை 16 உங்களுக்கும் நினைவிருக்கும். 2004-ல் அந்த நாளில்தான் கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் போனார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுத்தார்கள், சிலிண்டர்கள் சுவரில் ஏறின. ஏறியதை எல்லோரும் பார்த்தோம், பிறகு அதன் முள்ளைப் பார்க்கிறவர் யார் என்பதுதான் இப்போது என் கேள்வி.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வீடு திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நம்பி இருக்கிறது. சிலருக்கு வீட்டின் கீழேயே நாலு பவர் டேபிள் தையல் மெஷின், மாடியில் குடும்பம். வேஸ்ட் துணி மூட்டை, பஞ்சுத் தூசி, அயர்ன் டேபிள், சுவரெல்லாம் ஒயர். அங்கே தொங்கும் சிலிண்டரை மாதம் ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான். முள் பச்சையில் இருக்க வேண்டும், வலதுபுறம் பச்சையைத் தாண்டியிருந்தாலும் சரியில்லை. கைப்பிடியில் செருகியிருக்கும் 'பின்' (ஊசி) அதன் இடத்தில் இருக்கிறதா, சீல் அறாமல் இருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, அடிப்பாகத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸின் வாயைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கும், நம் சிலிண்டர் ஒன்றில் அப்படித்தான் இருந்தது. நாள் முழுக்க மெஷின் அதிர்கிற இடத்தில் உள்ளே பவுடர் கெட்டியாக அடியில் இறுகிவிடும், அதனால் பின்னைத் தொடாமல் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து அடியில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டி மெதுவாகக் குலுக்கி, பவுடர் உள்ளே சரிவது கைக்குத் தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

வாயு வெளியே வர, கருப்பு நிறத்தில் நீளமான கொம்பு வைத்த சிலிண்டர் சில கம்பெனிகளில் மின்சாரப் பேனல் போர்டு பக்கம் இருக்கும். அது கார்பன் டை ஆக்சைடு. அதில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலி எடை அதன் மேலேயே குத்தியிருக்கும், உள்ளிருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் தராசு இருக்கிறது, எனக்குத் தெரியும். அடிக்கும்போது கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள், உறைந்துபோய்க் கையைப் புண்ணாக்கும். துணி மூட்டைத் தீக்கு இது உதவாது, அதற்குத் துணி, எண்ணெய், வாயு என மூன்று வகைத் தீக்குமான ஏ.பி.சி. பவுடர்தான், அதுவும் மேலே எரிவதை மட்டுமே அணைக்கும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், மெயினை அணைத்துவிட்டு மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள்.

ஒரு விநாடி அடித்துப் பார்த்த சிலிண்டரைத் திரும்ப மாட்டி வைப்பது பெரிய தப்பு. வால்வில் பவுடர் சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கசிந்து, சில நாளில் காலியாகிவிடும். நிரப்பிக் கொடுக்கிறவர்களிடமும் கொஞ்சம் கறாராக இருங்கள். துடைத்துப் புது ஸ்டிக்கர் மட்டும் ஒட்டித் திருப்பிக் கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அனுப்பும்போது எவ்வளவு எடை, வந்தபோது எவ்வளவு என்று எழுதி வையுங்கள், சிலிண்டர் உடம்பைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த வருடத்தையும் கேளுங்கள். புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 15683 என்று போட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதை வாங்குங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். வெளியே போகும் வாசல் பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில், முன்னால் மூட்டை அடுக்காமல். அங்கே வேலை செய்கிற அக்காக்கள் எல்லோராலும் அதைத் தூக்க முடிகிறதா என்று ஒரு தடவை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்கு இரண்டு கிலோ தீயணைப்பு சிலிண்டர் ஒன்று போதும், அடுப்புக்கு மேலே மாட்டாமல் சமையலறை வாசலில் மாட்டுங்கள், தீப்பிடித்த அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி எடுக்க முடியாது. வாங்க இப்போது வசதி இல்லையென்றால் பரவாயில்லை, வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டத்தால் மூடுங்கள் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐக் கூப்பிட வேண்டும். தீ என்றால் 101. பேட்டரி ஸ்கூட்டரை வாசலை அடைத்து நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள், அந்த பேட்டரி எரிய ஆரம்பித்தால் சிறிய சிலிண்டருக்கு அடங்காது, வெளியேற வேறு வழியும் இருக்காது.

அப்புறம் ஒரு விஷயம். நாலு கிலோ சிலிண்டர் பத்துப் பதினைந்து விநாடிதான் வரும். ஆறேழு அடி தள்ளி நின்று, முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, பின்னை உருவி, தீயின் அடியைப் பார்த்து இடமும் வலமுமாக வீச வேண்டும். தீ உங்கள் தோள் உயரத்தைத் தாண்டிவிட்டால் சிலிண்டரைத் தேடாமல் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். இதைப் படித்தால் வராது, ஒரு தடவை கையால் செய்தால்தான் வரும்.

அதனால் வரும் வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள், தீயணைப்பு நிலையத்திலிருந்தும் வருகிறார்கள். நிரப்பும் தேதி நெருங்கிய, முள் இன்னும் பச்சையில் இருக்கிற சிலிண்டர் உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள், எப்படியும் நிரப்பத்தானே கொடுக்கப் போகிறீர்கள், அதற்கு முன் அதிலேயே அடித்துப் பழகலாம். அம்மாக்கள் கட்டாயம் வர வேண்டும். வீசிங் இருக்கும் பிள்ளைகளைக் காற்று வரும் பக்கமாக, தள்ளி நிற்க வைப்போம். அதற்குள் உங்கள் பிள்ளை வீட்டிலும் கம்பெனியிலும் உள்ள முள் எந்த நிறத்தில் நிற்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வரும், வேலை நேரத்தில் கேட்டாலும் கோபப்படாமல் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்