நகத்தால் தடவிப் பார்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே, நான் ஊரில் இல்லை. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் மொட்டைமாடிச் செடிகளை நீ விடவில்லை என்று தங்கச்சி போனில் புலம்பியது. முழங்கால் உன்னுடையது, நான் என்ன சொல்ல!

கடைச் சரக்குக்காகச் சீனா போயிருந்தேன். குவாங்தொங் மாகாணத்தில் சோங்ஷான் என்று ஒரு ஊர். சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட் சென் பிறந்தது அந்தப் பக்கம்தான். சீனர்கள் அவரை சுன் சோங்ஷான் என்பார்கள், ஊருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். சட்டையில் குத்தும் பின், பதக்கம், அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் தங்கள் படைப்பிரிவின் அடையாளமாகப் பையில் வைத்துக்கொள்ளும் சேலஞ்ச் காயின் எல்லாம் அங்குள்ள பட்டறைகளில் செய்கிறார்கள். முப்பது வருடமாக இவற்றை விற்கிறேன். வண்ணத்தை ஏதோ மெஷின் அடிக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

முதல் பாதி மெஷின்தான். படத்தை எஃகுக் கட்டையில் தலைகீழாகக் கடைந்து, சூடேற்றிக் கடினமாக்கினால் அச்சு தயார். பித்தளைத் தகட்டை அதில் வைத்து பிரஸ் ஓர் அடி அடித்தால் தரையே அதிர்கிறது. புடைப்பு ஆழமாக வேண்டுமென்றால் ஒரே அடியில் ஆகாது. அடி வாங்கிய உலோகம் இறுகிப்போகுமாம். அதைச் சூடுகாட்டி இளக்கி மறுபடி அடிக்க வேண்டும். நடுவில் ஓட்டை, ஓரத்தில் வளைவு நெளிவு என்று கேட்பவர்களுக்குத் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்துவிடுகிறார்கள். அது 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். பித்தளையை உருக்க 900-ஐத் தாண்ட வேண்டும். எதில் காசு மிச்சம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த அறையில்தான் நான் நின்றுவிட்டேன். நீள மேசைகள், குனிந்த தலைகள், பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிரிஞ்ச், ஆளுக்கு ஒரு நிறம். பின்னில் இரண்டு நிறங்களுக்கு நடுவே மெல்லிய கோடு தெரியுமே, அது கோடில்லை, உலோக வரப்பு. வரப்புக்குள் பாத்தி. பாத்தியில் ஒரு சொட்டு விட்டு ஊசி முனையால் இலேசாக இழுத்தால் வண்ணம் தானே மூலைவரை போய் நிற்கிறது. கொஞ்சம் கூடினால் வரப்பேறி அடுத்த பாத்தியில் விழும். குறைந்தால் மூலை மொட்டையாக நிற்கும். வழிந்ததைத் தின்னர் தொட்டுத் துடைத்து, தட்டோடு அடுப்பில் வைத்துக் காயவைக்கிறார்கள்.

நம் நடைப்பயிற்சிக் குழுவுக்கு 300 பின் சொல்லியிருந்தேன். "எழுத்து பொடியாக இருக்கிறது" என்று அவர்கள் முன்பே எச்சரித்தார்கள். நான்தான் கேட்கவில்லை. வந்து பார்த்தால் 'ழு'வின் சுழிக்குள் ஊசி முனையே போகவில்லை. சொட்டு சுழியைவிடப் பெரிது! அத்தனையும் மஞ்சள் பொட்டாக அடைந்து கிடந்தது. தமிழ் எழுத்துக்கு இத்தனை சுழி எதற்கு என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சலித்துக்கொண்டேன். அப்புறம் வரியைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் புது அச்சு வெட்டினோம். தண்டம் என் தலையில்.

இன்னொரு சங்கதி. மலிவு வகைக்கு முதலில் முலாம், பிறகுதான் வண்ணம். உசத்தி வகைக்கு நேர்மாறு. பாத்தி வழிய வண்ணம் ஊற்றி, சுட்டு, வரப்பு மட்டத்துக்குத் தேய்த்துப் பாலிஷ் போட்ட பிறகே முலாம் தொட்டிக்குப் போகிறது. வண்ணத்தின் மேலே முலாம் ஏறிவிடாதா என்று கேட்டேன். வண்ணத்தில் மின்சாரம் பாயாது, அதனால் வரப்பில் மட்டும்தான் பிடிக்கும் என்றார்கள். எத்தனை எளிது பார்! பழசு போலத் தெரியும் காயினுக்கும் இப்படி ஒரு வித்தை உண்டு: முழுவதையும் கருக்கவிட்டு, மேடான இடங்களை மட்டும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் பாட்டன் வேலை அவர்களிடமே இருக்கிறது. செம்பின் மேல் கம்பியால் வரப்பு கட்டி, கண்ணாடிப் பொடி நிரப்பி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடுவது. அதுதான் அசல் எனாமல். 1450-களில் ஆண்ட மிங் பேரரசர் ஜிங்தாயின் பெயரால் 'ஜிங்தாய் நீலம்' என்கிறார்கள். இப்போது பின்னில் ஊற்றுவது பெரும்பாலும் ரெசின் என்ற செயற்கைப் பிசின்தான், கண்ணாடி இல்லை. பெயர் மட்டும் எனாமல்.

அங்கே நின்றபோது உன் சிவப்பு நட்சத்திரப் பின் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் உன் ரஷ்யப் பேனா நண்பன் அனுப்பினானே, நடுவில் சுருட்டை முடியோடு குழந்தை லெனின்! அதற்காக நாம் சண்டை போட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தோம். பீரோவில் இன்னும் இருந்தால் எடுத்து, சிவப்பின் மேல் நகத்தால் மெல்லத் தடவிப் பார். குழி தட்டினால் சாதாரணப் பூச்சு. வரப்போடு சமமாக, கண்ணாடி மாதிரி வழுக்கினால் சுட்ட எனாமல். கையில் தக்கையாக இருந்தால் அலுமினியம். எது என்று மறக்காமல் எழுது.

தீபாவளிக்கு முன் ஒரு நாள் வருகிறேன். உனக்கான நடைக்குழு பின்னையும் எடுத்து வருகிறேன், சுழி அடைந்த பழையதில் ஒன்று.

உன் மச்சான்