லிம்னியோவின் நிறமும் எங்கள் கடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில், மிரினா துறைமுகத்துக்குப் பக்கத்தில், லிம்னியோ என்ற சிவப்புத் திராட்சையின் ஒயினை விற்கும் எங்கள் கடையைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோடை முடிந்ததிலிருந்து ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது: "அங்கே லிம்னியோவில் தண்ணீர் கலக்கிறார்கள், நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது." விலை அதிகம் என்று குறை சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லிம்னியோவின் இயல்பான நிறமே அந்த மெல்லிய சிவப்புதான். கபர்னே சோவிஞோன் என்ற பிரெஞ்சுத் திராட்சையின் அடர்ந்த கருஞ்சிவப்பு இதற்கு வராது. கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும். துவர்ப்பும் மென்மையானது. மோந்து பாருங்கள், சிவப்புப் பழங்களோடு வெயிலில் காய்ந்த மூலிகை வாசம் வரும். தண்ணீர் சேர்த்தால் ஆல்கஹால் அளவு உடனே இறங்கிவிடும். எங்கள் ஒயினை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போய்ச் சோதிக்கலாம்.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றும் புரிகிறது. வடக்கு கிரேக்கத்தின் ஹல்கிதிக்கியில், சித்தோனியா பக்கம், லிம்னியோவைக் கபர்னேயோடு சேர்த்தும் பாட்டிலில் அடைக்கிறார்கள். 1982இல் புவிசார் அங்கீகாரம் பெற்ற 'மெலிட்டன் சரிவுகள்' சிவப்பு ஒயின் அப்படிப்பட்டதுதான். நல்ல ஒயின், மறுக்கவில்லை. ஆனால் அதைக் குடித்துப் பழகிய கண்ணுக்குத் தனி லிம்னியோ வெளிறித்தான் தெரியும்.

லெம்னோஸ் தீவின் ஒயினை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ட்ராய் கரைக்கு வந்ததையும், கிரேக்க வீரர்கள் வெண்கலமும் இரும்பும் தோலும் மாடும் கொடுத்து அதை வாங்கியதையும் ஹோமரின் இலியட் காவியத்தின் 7ஆம் காண்டம் சொல்கிறது. அரிஸ்டாட்டில் குறிப்பிட்ட லெம்னோஸ் திராட்சை எங்கள் லிம்னியோதான் என்பது பரவலான கருத்து. அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் ஒயினில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், மரோன் என்ற பூசாரி தந்த ஒயினுக்கு ஒன்றுக்கு இருபது பங்கு தண்ணீர். ஆனால் அது குடிப்பவர்கள் தங்கள் பந்தியில் கலந்தது. விற்பவன் கலந்தால் அது திருட்டு. அந்தப் பழி எங்கள் மேல் விழுந்ததுதான் வலிக்கிறது.

செலவும் ஏறிவிட்டது. தீவில் பெரும்பாலும் வெள்ளை மஸ்கட் திராட்சைக் கொடிகள்தான். லிம்னியோ தாமதமாகப் பழுக்கும், அதற்குள் அறுவடைக்கு வந்த ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். காலி பாட்டில்கள் கப்பலில் வரவேண்டும். பீப்பாய்களைப் பார்த்துக்கொண்ட எங்கள் பழைய ஆளும் மகளோடு இருக்கப் போய்விட்டார். அதனால் பாட்டிலுக்கு 2 யூரோ கூட்டியிருக்கிறோம்; சொந்தக் குப்பியில் நிரப்பித் தருவதும் இந்த மாதத்தோடு நிற்கிறது.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல வந்தவர்களையும், எங்களுக்காக மற்றவர்களிடம் வாதாடியவர்களையும் மறக்கமாட்டோம். மனமார்ந்த நன்றி. உங்களால்தான் கடை திறந்திருக்கிறது.

சந்தேகம் தீராதவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள். பீப்பாயிலிருந்து நேராக ஊற்றித் தருகிறோம், காசு வேண்டாம்.

அன்புடன்,
கடைக் குடும்பத்தார்